கிழமைக்கு ஒண்டு

டொக்டரின் கையெழுத்து விளங்கவில்லை என்று அவர் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. மற்றப் பாமசிகளில் மருந்து எழுதிய துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள், பக்கத்தில் நிற்பவரிடம் காட்டுவார்கள், கடைசியில் "எழுதினவரிட்டையே கேட்டுக்கொண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்புவார்கள். இவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரே ஒரு பார்வை பார்ப்பார். அதற்குள் கை மருந்துத் தட்டுக்குப் போய்விடும்.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும் பலருக்கு அது புதிதாக இருக்கும். எல்லோருக்கும் அவர் மிஸ்தான். திருநெல்வேலியில் நான் பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு சின்னப் பாமசி. அதற்குள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மெலிந்த பெண். நான் பல்கலைக்கழகத்தில் எழுதுவினைஞராகக் கந்தோர் வேலை. வீட்டில் நானும் அக்காவும் மட்டும். அக்காவின் பிரஷர் குளிசை, கொலஸ்ரரோல் குளிசை என்று மாதம் ஒருமுறையாவது அந்தக் கடைக்கு ஏறவேண்டியிருந்தது. பஸ் பிந்தினால் மருந்து வாங்காத நாளிலும் ஏறுவேன். உள்ளே ஒரு ஸ்ரூல் இருந்தது. "இருங்கோ, பஸ் வந்தா இஞ்சையிருந்தே தெரியும்" என்பார். பத்து வருடத்துக்கு மேல் அப்படிப் பழகியிருக்கிறேன்.

மருந்தைச் சின்ன வெள்ளை உறைகளில் போட்டு, அச்சடித்தது போல எழுதித் தருவார். அதோடு விடமாட்டார். "இப்ப நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ பாப்பம்" என்பார். எது காலையில், எது இரவில், எது சாப்பாட்டுக்கு முன் என்று நாங்கள் ஒப்புவிக்க வேண்டும். ஒருமுறை நீர்வேலியிலிருந்து வந்த வாழைத்தோட்டக்காரர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பிள்ளை, நான் மருந்து வாங்க வந்தனானோ, பள்ளிக்கூடத்துக்கு வந்தனானோ?"

"ரெண்டுக்கும்தான் ஐயா. பாஸ் பண்ணினாத்தான் மருந்து."

மூன்றாம் தடவைதான் அவர் பிழையில்லாமல் சொன்னார். மிஸ் கை தட்டினார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தோம். அந்த ஐயாவும் சிரித்தார். அடுத்த மாதம் வந்தபோது கேட்காமலேயே ஒப்புவித்தாராம். மிஸ் எனக்கு அதைச் சொல்லும்போது முகம் பூரித்துப்போய் இருந்தது.

இன்னொரு நாள் நான் அந்த ஸ்ரூலில் இருந்தபோது, கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் சிரப் வாங்கிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏறிவிட்டாள். மிஸ் திடீரென்று கவுண்டரின் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். செருப்பில்லாமல் ஓடினார். நகரத் தொடங்கிய பஸ்ஸின் பக்கத்தில் கையால் அடித்து நிற்பாட்டி, ஏறி, போத்தலை வாங்கிக்கொண்டு இறங்கினார். தாயும் பின்னால் இறங்கினாள். டொக்டர் எழுதிய அளவு அந்தக் குழந்தையின் நிறைக்குக் கூடிப்போய்விட்டது என்று மிஸ்ஸுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. டொக்டருக்கு அங்கேயே அழைப்பு எடுத்து, "சேர், நீங்கள் எழுதினது கூடிப்போச்சு" என்று சொன்னார். அந்தப் பக்கம் நன்றி சொல்லியிருக்கவேண்டும். வைத்துவிட்டு எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

அந்தக் கதையை அவர் பிறகு பலருக்குச் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். அவரிடம் இப்படிக் கதைகள் நிறைய இருந்தன. எல்லாமே மற்றவர்கள் விட்ட பிழையை அவர் பிடித்த கதைகள். பிழை சொல்ல அவர் டொக்டர்மாருக்கு அழைப்பார். கேட்பதற்கென்று அழைத்ததை நான் பார்த்ததில்லை. இதை அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தால் ஒரு சின்னச் சம்பவம் நினைவுக்கு வருகிறது. எனக்குக் காதுக்குள் குத்து வந்து துளிமருந்து எழுதித் தந்திருந்தார்கள். துண்டில் இருந்தது ஒரு கீறல்தான். நான் பகிடியாக, "ஒருக்கா டொக்டரிட்டைக் கேப்பமோ மிஸ்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இருபது வருசமா உந்த எழுத்தைத்தான் வாசிக்கிறன். எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டே நினைக்கிறியள்?" என்றார். நான் வெட்கப்பட்டு, அப்படி இல்லை என்றேன். மருந்து சரியான மருந்துதான். காதும் சுகமாகிவிட்டது.

அக்கா என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர். ஓய்வு பெற்றபிறகும் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வெளியே போனால் குடை, முழங்கை மூடிய சட்டை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வருவது தவிர வெயிலே படாத சீவியம். கால் உளைவு, முதுகு உளைவு என்று ஒரு தனியார் டொக்டரிடம் தனியாகவே போய்க் காட்டினார். இரத்தம் சோதித்துவிட்டு டொக்டர் சிரித்தாராம். "யாழ்ப்பாணத்திலை இருந்துகொண்டு விற்றமின் டி இல்லாமல் போச்சே ரீச்சர்" என்று.

அவர் எழுதிக்கொடுத்த துண்டோடு அக்கா மிஸ்ஸிடம் போனார். அன்று நான் கூடப் போகவில்லை. அடுத்த இரண்டு மாதமும் அந்தக் குளிசையை மற்றவற்றோடு சேர்த்து நான்தான் வாங்கிவந்தேன். புதுத் துண்டு கேட்காமலே மிஸ் தந்தார். உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் வாசிக்கவில்லை. மிஸ் எழுதியதைச் சரிபார்க்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்து அக்காவின் மேசையில் வைத்தேன். அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம் முடியும்போது அக்கா சரியில்லாமல் இருந்தார். சாப்பாடு பிடிக்கவில்லை என்றார். காலையில் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தார். ஒரு போத்தல் தண்ணீரைக் குடித்துவிட்டு அரைமணித்தியாலத்தில் இன்னொன்று கேட்டார். இரவில் நாலைந்து தரம் சலம் போக எழும்பினார். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லும்போது பாதியில் நிறுத்தி, எந்தக் கணக்கு என்று அவர்களிடமே கேட்டார். சித்திரை மாதத்து வெயில் வேறு. நான் வெக்கைதான் என்று நினைத்தேன்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிறு பின்னேரம் மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"இந்தப் பக்கம் ஒரு அலுவலா வந்தனான். ரீச்சரின்ரை மருந்துகளை ஒருக்கா ஒழுங்குபடுத்தித் தருவம் எண்டு யோசிச்சன்" என்றார்.

சாப்பாட்டு மேசையடியில் இருந்துகொண்டு எல்லா உறைகளையும் கொட்டினார். புது உறைகளில் திருத்தமாக எழுதினார். பழைய உறைகளையும் துண்டுகளையும் சேர்த்துத் தன் கைப்பைக்குள் வைத்தார். "குப்பை சேத்து வைச்சாத்தான் குழம்பும்" என்றார். மிச்சமிருந்த மஞ்சள் விற்றமின் குளிசைகள் சிலவற்றையும் எடுத்துக்கொண்டார். "உது போதும் ரீச்சர். கோர்ஸ் முடிஞ்சுது."

அதற்குள் அக்கா இரண்டு தரம் தண்ணீர் குடித்துவிட்டார். மிஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெடுக உப்பிடியே குடிக்கிறியள்?"

"ஓம். விடாய் அடங்குதில்லை. வாயெல்லாம் காயுது. சத்தியும் வருது."

மிஸ் எழுதும் பேனையை மூடித் திறந்து மூடினார். பிறகு, "வெக்கைதான் ரீச்சர். இளநி குடியுங்கோ" என்று சொல்லி எழும்பினார். படலைவரை நான் போய் வழியனுப்பினேன். "உங்களைப்போல ஆர் மிஸ் வீடு தேடி வந்து செய்யினம்?" என்று கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழிந்து ஒரு காலை, அக்கா என்னை எங்கள் செத்துப்போன அம்மா என்று நினைத்து, "அம்மா" என்று கூப்பிட்டார். எழும்பி நிற்க முயன்று விழுந்தார். பெரியாஸ்பத்திரியில் வோட்டில் விட்டார்கள்.

இரத்தத்தில் கல்சியம் மிகக் கூடி இருக்கிறது, கிட்னி பழுதாகத் தொடங்கியிருக்கிறது என்றார்கள். இரண்டு கையிலும் சேலைன் ஏறியது. வோட்டில் இருந்த டொக்டர் ஒரு இளம் பெண். என்னென்ன மருந்து எடுத்தவர் என்று கேட்டார். மிஸ் எழுதிய புது உறைகளைக் காட்டினேன். பிரஷர், கொலஸ்ரரோல், வேறொன்றும் இல்லை.

"கல்சியம், விற்றமின் டி ஏதும் எடுத்தவவோ?"

"ஒரு குளிசை எடுத்தவ. முடிஞ்சுது எண்டு நிப்பாட்டியாச்சு."

"என்ன அளவு, என்னண்டு எடுத்தவ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. முக்கியம்."

வோட்டு வாசலில் நின்று மிஸ்ஸுக்கு அழைப்பு எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். டொக்டர் கேட்டதையும் அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் கடையின் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"கிழமைக்கு ஒண்டுதான். எல்லாருக்கும் குடுக்கிறதுதான். உதாலை ஒண்டும் வராது எண்டு சொல்லுங்கோ."

நான் போய், வாரத்துக்கு ஒன்றுதானாம் என்று அப்படியே சொன்னேன். டொக்டர் எழுதிக்கொண்டார். "அப்ப வேறை காரணம் தேடோணும்" என்றார்.

வேறை காரணம் என்றால் என்ன என்று அடுத்த நாள் தெரிந்தது. கல்சியம் இப்படி ஏறினால் எங்காவது புற்றுநோய் இருக்கலாம். நெஞ்சுப் படம், வயிற்று ஸ்கான், மார்புச் சோதனை, எலும்புக்குள் ஊசி விட்டு எடுக்கும் சோதனை என்று தொடங்கினார்கள். எலும்புக்குள் ஊசி விட்டபோது அக்கா கத்திய சத்தம் எனக்கு வெளியே நடையில் கேட்டது. முப்பது வருடம் வகுப்பில் குரல் உயர்த்தாதவர்.

அன்று பின்னேரம் உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போகும் வழியில் பாமசிக்கு ஏறினேன். அழுதுவிட்டேன். "கான்சர் எண்டு சந்தேகப்படுகினம் மிஸ்" என்றேன். கடையில் வேறு யாரும் இல்லை. அவர் கவுண்டரைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்தார். அவருடைய கை குளிர்ந்திருந்தது.

"கடவுள் இருக்கிறார்" என்றார். "ரீச்சருக்கு ஒண்டும் வராது."

எனக்குத் தேத்தண்ணி எடுப்பித்துத் தந்தார். நான் குடித்தேன்.

சேலைன் ஏற ஏற அக்காவுக்குப் புத்தி தெளிந்தது. ஐந்தாம் நாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டொக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் புற்றுநோயைச் சொல்லாமல், கல்சியம் கூடியதைச் சொன்னேன். விற்றமின் குளிசை கேட்டார்கள், கிழமைக்கு ஒன்றுதானே, அது காரணமில்லையாம் என்றேன்.

அக்கா தலையைத் திருப்பிப் பார்த்தார். "கிழமைக்கு ஒண்டில்லை. நாளுக்கு ஒண்டு."

"இல்லை அக்கா. நான் மிஸ்ஸிட்டைக் கேட்டனான்."

"நாளுக்கு ஒண்டு, காலமை சாப்பிட்டாப் பிறகு. அப்பிடித்தான் எழுதித் தந்தவ. நான் திருப்பிச் சொன்னனான். 'நூற்றுக்கு நூறு ரீச்சர்' எண்டவ."

"அக்கா, உங்களுக்கு இப்ப எல்லாம் குழம்பிப்போய்க் கிடக்கு. என்னையே அம்மா எண்டு நினைச்சனீங்கள். நீங்கள் பிழையா வாசிச்சிருப்பியள்."

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் பிழையா வாசிச்சனானோ?" என்று கேட்டார். அது கேள்வி போலவும் இல்லை. நான் போர்வையைச் சரிசெய்து, "பரவாயில்லை, வயசுக்கு எல்லாருக்கும் வாறதுதான்" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். டொக்டரிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் கொழும்புக்கு அனுப்பிய இரத்தச் சோதனை வந்தது. அந்த இளம் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"விற்றமின் டி அளவு மெசின் காட்டுற எல்லைக்கு மேலை போய் நிக்குது. கிழமைக்கு ஒண்டெடுத்தா உப்பிடி வராது. ஆர் சொன்னது உங்களுக்கு?"

அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அந்தக் குளிசை ஐம்பதினாயிரம் யுனிட். ஒரு ஆளுக்குச் சாதாரணமாக ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குப் போதுமான விற்றமின் ஒரு குளிசைக்குள் இருக்கிறது. நன்றாகக் குறைந்துபோனவர்களுக்குக் கிழமைக்கு ஒன்றாகக் கொஞ்ச நாள் கொடுத்து நிரப்புவார்கள், பிறகு நிறுத்திவிட்டுத் திரும்பச் சோதிப்பார்கள். அதையே தினமும் எடுத்தால் உடம்புக்கு நஞ்சு.

"மற்ற விற்றமின் சிலதுகள் கூடினாச் சலத்தோடை போயிடும். இது போகாது. கொழுப்புக்குள்ளை போய்க் கிடந்து மாசக்கணக்கிலை கசியும். அதுதான் குளிசையை நிப்பாட்டியும் கல்சியம் ஏறிக்கொண்டே போயிருக்கு. விடாய், சத்தி, குழப்பம் எல்லாம் அதாலைதான். முதல் நாளே தெரிஞ்சிருந்தா இந்த ஊசியெல்லாம் குத்தியிருக்கத் தேவையில்லை."

அக்காவுக்குப் புற்றுநோய் இல்லை. அந்தச் செய்தியைக் கேட்டு நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். படியில் குந்தியிருந்து, இரண்டு மாதமும் கைப்பைக்குள் போட்டுக் கொண்டுவந்த உறைகளை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குளிசையை எழுதிக்கொடுத்த தனியார் டொக்டரின் கிளினிக்குக்குப் போனேன். அவர் அக்காவின் பதிவைத் திறந்து காட்டினார். கிழமைக்கு ஒன்று, பன்னிரண்டு கிழமை. அங்கிருந்து நேரே பாமசிக்கு.

மிஸ் என்னைக் கண்டதும் கையில் இருந்த உறையை வைத்துவிட்டார். மருந்துக்கு நின்ற ஒருவரை அனுப்பும்வரை நான் பொறுத்திருந்தேன்.

"நாளுக்கு ஒண்டெண்டு எழுதினது நீங்கள்தானே மிஸ்?"

அவர் மறுக்கவில்லை. "நான் நிப்பாட்டினனான்தானே" என்றார். "தெரிஞ்ச உடனை வீட்டை வந்து எடுத்தனான்தானே."

"என்னண்டு தெரிஞ்சது?"

"வேறை ஒராள் அதே டொக்டரின்ரை துண்டோடை வந்தவர். அதே எழுத்து. தனக்குக் கிழமைக்கு ஒண்டெண்டுதான் டொக்டர் சொன்னவர் எண்டு அவர் சொன்னாப் பிறகுதான்..." நிறுத்தினார். "நான் எழுத்தைப் பார்த்தன். அவர் சொன்னமாதிரித்தான் கிடந்தது."

"அக்கா தண்ணி தண்ணியெண்டு குடிச்சதைக் கண்டனீங்கள். வெக்கை எண்டு சொன்னனீங்கள்."

"நிப்பாட்டினாச் சரியாயிடும் எண்டு நினைச்சன்."

"வோட்டிலை இருந்து கேட்டனான். கான்சர் எண்டு வந்து உங்கடை கையைப் பிடிச்சு அழுதனான்."

மிஸ் அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. "நான் பிழை விட்டிட்டன் எண்டு இத்தினை வருசத்திலை ஒருத்தருக்கும் சொன்னதில்லை" என்றார். "என்னண்டு சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை." பிறகு, கடையில் ஒரு ஆள் ஏறுவதைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்களிட்டைக் கேக்கிறன், ரீச்சர் மாறி வாசிச்சிட்டா எண்டே இருக்கட்டும். அவவுக்கு அதாலை என்ன குறை?" என்றார்.

பஸ்ஸின் பின்னால் செருப்பில்லாமல் ஓடிய அதே பெண்தான். எனக்கு அந்த இரண்டு பேரையும் ஒருவராக்கிப் பார்க்க இன்றுவரை முடியவில்லை.

நான் கடிதம் எழுதினேன். முதலாளிக்கு ஒன்று, சுகாதாரப் பகுதிக்கு ஒன்று. விசாரணை என்று ஒருநாள் என்னையும் கூப்பிட்டார்கள். மிஸ் பிழையை ஒப்புக்கொண்டாராம். எடுத்துக்கொண்டுபோன பழைய உறைகளைப் பற்றியோ, என்னோடு தொலைபேசியில் கதைத்ததைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லையாம். கடையை விட்டுப் போய்விட்டார். கரவெட்டிப் பக்கத்தில் யாரோ சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார் என்றார்கள், அங்கே ஒரு பாமசியில் நிற்கிறார் என்றும் சிலர் சொன்னார்கள். என் கந்தோரில் ஒருவர் என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார், "அருமையான மனிசி, ஆரோ கடிதம் போட்டு அனுப்பிப்போட்டினம்" என்று. நான்தான் அந்த ஆள் என்று சொன்னேன். அவர் பிறகு என்னோடு கதைப்பது குறைவு.

அக்காவின் கல்சியம் இறங்க மாதங்கள் எடுத்தன. கிட்னி பழையபடி வரவில்லை, இனி வராது என்றார்கள். மாதாமாதம் கிளினிக். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்வதை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால், களைப்பு என்பார்.

போன கிழமை கிளினிக்கால் ஓட்டோவில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். கரவெட்டிக்காரர் ஒருவர் கிளினிக் வரிசையில் என் பக்கத்தில் இருந்து, தங்கள் ஊர்ப் பாமசிக்கு வந்த புது மிஸ்ஸைப் புகழ்ந்ததைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த மனிசியை என்னால் செத்தாலும் மன்னிக்க ஏலாது, நம்பினவர்களின் கழுத்தை அறுத்தவ என்றேன். அக்கா வீதியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அவ எனக்கு ஆர்?" என்றார் பிறகு. "மருந்து வித்தவ. பிழை விட்டா, பயந்தா, மறைச்சா. ஊரிலை நடக்காததோ?"

நான் கைப்பையின் சிப்பை இழுத்து மூடினேன்.

"நான் புத்தி தெளிஞ்சு முதல் சொன்ன கதை அதுதான். நாளுக்கு ஒண்டெண்டு. நீ என்ரை தங்கச்சி. நீ நம்பேல்லை."

குரலில் கோபம் இருக்கவில்லை. ஓட்டோக்காரர் கண்ணாடியில் ஒருமுறை எங்களைப் பார்த்தார். "ஓம் அக்கா" என்றேன். அக்கா ஓட்டோக்காரரிடம், அடுத்த ஒழுங்கையில் வீட்டுப் பக்கம் திருப்பச் சொன்னார்.